மஞ்சள் கேப்ஸ்யூல் வாங்கிவிட்டேன், மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி:

"எனக்கு 31 வயது. நான்கு வருடமாக அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இருக்கிறது. ஆரம்பத்தில் மெசலமின் மட்டும் போதுமானதாக இருந்தது. சென்ற வருடம் ரத்தப்போக்கு அதிகமாகி, ஸ்டீராய்டு கொடுத்து அடக்கினார்கள். அதன் பிறகு அசதையோபிரினும் சேர்ந்துகொண்டது. இப்போது எட்டு மாதமாக ரத்தம் இல்லை, வயிற்றுவலி இல்லை. ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரையும் எடுக்கிறேன். நாங்கள் குழந்தைக்கு முயற்சி செய்ய நினைக்கிறோம். ஆனால் அசதையோபிரின் பெட்டிக்குள் இருக்கும் எச்சரிக்கைத் தாளைப் படித்ததிலிருந்து தூக்கமே வரவில்லை. தாவரங்களில் உள்ள சில பொருட்கள் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் அழற்சியைத் தணிக்கும் என்று நிறையப் படித்தேன். மஞ்சளில் உள்ள குர்குமின், மிளகுச் சாறு, கிரீன் டீ சாறு மூன்றும் கலந்த கேப்ஸ்யூல் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் பிரிக்கவில்லை. அசதையோபிரினை நிறுத்திவிட்டு இதற்கு மாறலாமா? என் மருத்துவரிடம் கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று தயக்கமாக இருக்கிறது."

பதில்:

பிரிக்காத டப்பா பிரிக்காமலே இருக்கட்டும். அசதையோபிரினையும் நிறுத்தாதீர்கள். இவை இரண்டும் என் உடனடிப் பதில். காரணங்களை விரிவாகச் சொல்கிறேன். நீங்கள் படித்தவற்றில் பாதி உண்மையும் இருக்கிறது, அதையும் சேர்த்தே சொன்னால்தான் என் பதிலை நீங்கள் நம்புவீர்கள்.

முதலில் குடலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பெருங்குடலின் உட்சுவரில் பாக்டீரியாவையும் உங்கள் ரத்தத்தையும் பிரித்து வைத்திருப்பது ஒரே ஒரு அடுக்கு செல்கள்தான். அதன் மேல் வழவழப்பான ஒரு சளிப்படலம் இருக்கும். செல்லடுக்குக்குக் கீழே எதிர்ப்பு செல்கள் அடர்ந்து கிடக்கின்றன. சாதாரணமாக இவை பாக்டீரியாவைக் கண்டும் காணாமலும் இருக்கப் பழகியவை. அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் அந்தப் பொறுமை போய்விடுகிறது. எதிர்ப்பு செல்களுக்குள் என்எஃப் கப்பா பி என்ற புரதம் செல்லின் உட்கருவுக்குள் நுழைந்து, அழற்சிக்கான மரபணுக்களை இயக்கிவிடுகிறது. டிஎன்எஃப் ஆல்ஃபா, இன்டர்லூக்கின் 6 போன்ற தூதுப் பொருட்கள் சுரக்கின்றன. அவை மேலும் வெள்ளணுக்களை அழைக்கின்றன. வந்தவை செல்லடுக்கைப் புண்ணாக்குகின்றன, புண் வழியாக பாக்டீரியா உள்ளே கசிகிறது, அதைப் பார்த்து இன்னும் வெள்ளணுக்கள் வருகின்றன. ரத்தமும் சீதமும் வருவது இதனால்தான். மலக்குடலில் தொடங்கி இடைவெளி விடாமல் மேல்நோக்கிப் பரவுவது உங்கள் நோயின் குணம். அதன் உடன்பிறப்பான க்ரோன்ஸ் நோய் அப்படியில்லை. வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் திட்டுத்திட்டாக வரும், குடல்சுவரின் முழுத் தடிமனையும் தாக்கும். இந்த வித்தியாசத்தை நினைவில் வையுங்கள். ஒன்றில் பலித்தது இன்னொன்றில் பலிக்காமல் போன கதை பின்னால் வருகிறது.

உங்கள் மருந்துகள் இந்தச் சங்கிலியை வெவ்வேறு இடங்களில் தொடுகின்றன. மெசலமின் குடலின் உட்பரப்பிலேயே வேலை செய்கிறது. அசதையோபிரின் எதிர்ப்பு செல்கள் பெருகுவதைக் கட்டுப்படுத்துகிறது. 1998-ல் க்ரோன்ஸ் நோய்க்கு அனுமதி பெற்ற இன்ஃப்ளிக்ஸிமாப் போன்ற ஊசி மருந்துகள் டிஎன்எஃப்-ஐ நேரடியாகப் பிடித்து முடக்குகின்றன.

சரி, தாவரப் பொருட்கள் எங்கே வருகின்றன?

சோதனைக்கூடத்தில் பார்த்தால், அதே சங்கிலியின் மேல்தான் அவையும் கை வைக்கின்றன. மஞ்சளில் உள்ள குர்குமின், என்எஃப் கப்பா பி உட்கருவுக்குள் போவதைத் தடுக்கிறது. புரோக்கோலி வகைக் காய்களில் வரும் சல்ஃபோராஃபேன், செல்லின் சொந்தப் பாதுகாப்பு நொதிகளைக் கிளப்பிவிடும் என்ஆர்எஃப் 2 என்ற புரதத்தைத் தூண்டுகிறது. இவற்றைப் பற்றி நீங்கள் ஏற்கெனவே படித்திருப்பீர்கள். எனக்கு இவற்றைவிட சுவாரசியமாகப்படுவது ஏஎச்ஆர் என்ற ஏற்பியின் கதை. இது முதலில் டையாக்ஸின் போன்ற நச்சுகளை உணரும் ஏற்பியாகத்தான் ஆராய்ச்சியாளர்களுக்கு அறிமுகமானது. பிறகு பார்த்தால், முட்டைக்கோஸ், காலிஃபிளவர் வகைக் காய்கள் வயிற்று அமிலத்தில் உடையும்போது வரும் சில பொருட்களும் இதே ஏற்பியைத் தொடுகின்றன. 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், இந்தப் பொருட்கள் இல்லாத உணவை எலிகளுக்குக் கொடுத்தார்கள். குடல் செல்லடுக்குக்குள் தங்கிக் காவல் காக்கும் எதிர்ப்பு செல்கள் அந்த எலிகளில் குறைந்துபோயின. அதாவது, தாவரத்திலிருந்து வரும் ஒரு சமிக்ஞை இல்லாவிட்டால் குடலின் காவலே தளர்கிறது. சாப்பாட்டுக்கும் எதிர்ப்பு மண்டலத்துக்கும் உள்ள தொடர்பை இவ்வளவு நேரடியாகக் காட்டும் ஆய்வுகள் குறைவு.

இன்னொன்றும் உண்டு. பெரும்பாலான தாவரப் பொருட்கள் ரத்தத்தில் சரியாக ஏறுவதில்லை. மூட்டுவலிக்கோ மூளை நோய்க்கோ அது பெரிய குறை. பெருங்குடல் நோய்க்கு அது குறையே இல்லை, ஏனென்றால் உறிஞ்சப்படாமல் மீந்தது நேராகப் புண் இருக்கும் இடத்துக்கே போய்ச் சேர்கிறது. குர்குமினைப் பற்றி குடல் மருத்துவர்களும் அக்கறை காட்டுவது இதனால்தான். இந்த ஒரு விஷயமே உங்கள் டப்பாவில் இருக்கும் மிளகுச் சாற்றைத் தேவையற்றதாக்கிவிடுகிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

"எலிகளில் குடல் அழற்சியைக் குணப்படுத்தியது" என்ற வரியை நீங்கள் நூறு இடங்களில் பார்த்திருப்பீர்கள். அந்த எலிச் சோதனை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் அந்த வரியின் எடை உங்களுக்கே புரியும். பெரும்பாலும் டிஎஸ்எஸ் என்ற ரசாயனத்தைக் குடிதண்ணீரில் கலந்து ஒரு வாரம் போலக் கொடுப்பார்கள். அது எலியின் குடல் செல்லடுக்கை அரித்துப் புண்ணாக்கும். தண்ணீரை மாற்றினால் எலி தானாகவே தேறத் தொடங்கும். பல ஆய்வுகளில் தாவரப் பொருளை ரசாயனத்துக்கு முன்பே, அல்லது அதோடு சேர்த்தே கொடுத்திருப்பார்கள். உங்களுக்கு இருப்பது நான்கு வருடமாக உங்கள் எதிர்ப்பு மண்டலமே ஓட்டிக்கொண்டிருக்கும் நோய். தானாக ஆறும் ரசாயனப் புண்ணைக் கொஞ்சம் குறைத்துக் காட்டியதை வைத்து அதற்கு வைத்தியம் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்ல முடியாது. க்வெர்செடின், ரெஸ்வெரட்ரால் என்று விளம்பரங்களில் வரும் பல பெயர்களுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இந்த எலிகளும், மிஞ்சிப்போனால் ஒன்றிரண்டு சின்ன மனித ஆய்வுகளும்தான்.

மனிதர்களில் ஓரளவு ஒழுங்காகச் சோதிக்கப்பட்டது குர்குமின். 2006-ல் ஜப்பானிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. உங்களைப் போலவே நோய் அடங்கியிருந்த அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோயாளிகளுக்கு, சல்ஃபாசலசின் அல்லது மெசலமினோடு சேர்த்து, ஒரு நாளைக்கு 2 கிராம் குர்குமின் ஆறு மாதம் கொடுத்தார்கள். குர்குமின் எடுத்த 43 பேரில் 2 பேருக்கு நோய் திரும்பியது. ஒப்பிடுவதற்காக மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்த 39 பேரில் 8 பேருக்குத் திரும்பியது. அலட்சியப்படுத்தக்கூடிய வித்தியாசம் இல்லை இது. ஆறு மாதம் முடிந்து குர்குமினை நிறுத்திய பிறகு, அடுத்த ஆறு மாதத்தில் குர்குமின் குழுவிலும் 8 பேருக்கு நோய் திரும்பியது. எடுக்கும்வரைதான் பலன் என்றுதான் இதைப் படிக்க வேண்டியிருக்கிறது. 2015-ல் இன்னோர் ஆய்வு. மெசலமினை முழு அளவில் எடுத்தும் நோய் அடங்காத 50 பேரில் பாதிப் பேருக்கு ஒரு நாளைக்கு 3 கிராம் குர்குமின் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் 26 பேரில் 14 பேருக்கு நோய் அடங்கியது, போலி மாத்திரைக் குழுவில் 24 பேரில் ஒருவருக்குக்கூட அடங்கவில்லை.

இதைப் படித்ததும் டப்பாவை நோக்கிக் கை போகும், தெரியும். கொஞ்சம் பொறுங்கள். 2017-ல் வந்த ஆய்வில் ஒரு நாளைக்கு 450 மில்லிகிராம் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். எட்டு வாரத்தில் போலி மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. 2020-ல், அறுவை சிகிச்சை முடிந்த க்ரோன்ஸ் நோயாளிகளுக்கு அசதையோபிரினோடு 3 கிராம் குர்குமின் கொடுத்த ஆய்விலும் நோய் திரும்புவதை அது தடுக்கவில்லை. நான் முன்பு சொன்ன வித்தியாசம் இங்கே வெளிப்படுகிறது. உட்பரப்பில் மட்டும் இருக்கும் நோயில் கைகொடுத்த பொருள், சுவர் முழுக்கப் பரவும் நோயில் கைகொடுக்கவில்லை.

இந்த நான்கு ஆய்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நன்மை தெரிந்த இரண்டிலும் நோயாளிகள் தங்கள் வழக்கமான மருந்தை நிறுத்தவில்லை. குர்குமின் மருந்துக்கு மேலே சேர்க்கப்பட்டது. மருந்துக்குப் பதிலாகக் கொடுத்து யாரும் அந்த எண்களைக் காட்டவில்லை. அந்த நோயாளிகளுக்கு நோய் லேசானதாகவோ நடுத்தரமானதாகவோ, அல்லது ஏற்கெனவே அடங்கியதாகவோ இருந்தது. ஸ்டீராய்டு வரை போன உங்கள் நோய், மெசலமினோடு நிற்கும் நோயைவிட ஒரு படி மேலே. ஆகவே "குர்குமின் வேலை செய்கிறது" என்ற செய்தி உண்மையாகவே இருந்தாலும், "அசதையோபிரினுக்குப் பதில் குர்குமின்" என்பதற்கு அதிலிருந்து ஆதாரம் கிடைக்காது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிலவேம்புச் சாறு 2013-ல் 224 பேரிடம் சோதிக்கப்பட்டது. ஒரு நாளைக்கு 1,800 மில்லிகிராம் எடுத்தவர்களில் 60 சதவீதம் பேருக்கு முன்னேற்றம் தெரிந்தது, போலி மாத்திரையில் 40 சதவீதம். நோய் முழுதாக அடங்கியவர்களின் எண்ணிக்கையில் தெளிவான வித்தியாசம் இல்லை. அடுத்த கட்டப் பெரிய ஆய்வு, பலன் தெரிய வாய்ப்பில்லை என்று பாதியில் நிறுத்தப்பட்டது. சாம்பிராணி இனத்தைச் சேர்ந்த பாஸ்வெலியா மரத்தின் பிசினை க்ரோன்ஸ் நோயாளிகளுக்கு ஒரு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். 2011-ல் முடிவு வந்தது, போலி மாத்திரைக்கு மேல் ஒன்றுமில்லை. சோற்றுக்கற்றாழைக் கூழ் 2004-ல் 44 பேரிடம் கொஞ்சம் நம்பிக்கை காட்டியது, அதோடு சரி. கற்றாழைத் தோலுக்கு அடியில் வரும் மஞ்சள் பால் பேதி மருந்து என்பதையும் மறக்க வேண்டாம். குடல் புண்ணாக இருக்கும்போது பேதி மருந்து குடிப்பதைப் போன்ற அபத்தம் வேறில்லை.

ஒன்றைப் பற்றி மட்டும் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும். சிங் டாய் என்று ஒரு நீலப் பொடி உண்டு, நீலச் சாயம் தரும் செடிகளின் இலையிலிருந்து எடுப்பது. மேலே சொன்ன ஏஎச்ஆர் ஏற்பியை இது பலமாகத் தூண்டுகிறது. 2018-ல் வெளியான ஜப்பானிய ஆய்வில் 86 பேருக்கு எட்டு வாரம் கொடுத்தார்கள். போலி மாத்திரையில் 13.6 சதவீதம் பேருக்கு முன்னேற்றம். பொடியை எடுத்தவர்களில், அளவைப் பொறுத்து, 70 முதல் 81 சதவீதம் பேருக்கு முன்னேற்றம். பல நவீன மருந்துகளின் ஆய்வுகளில்கூட இப்படிப்பட்ட இடைவெளியைப் பார்க்க முடியாது. ஆனால் அந்த ஆய்வு திட்டமிட்டபடி முடியவில்லை. ஆய்வுக்கு வெளியே, தானாக வாங்கி ஆறு மாதம் சாப்பிட்ட ஒரு நோயாளிக்கு நுரையீரல் தமனிகளில் ரத்த அழுத்தம் ஏறியதாகத் தகவல் வந்தது. உயிருக்கே ஆபத்தான நிலை அது. ஆய்வை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். எதிர்ப்பு மண்டலத்தை இந்த அளவுக்கு அசைக்கும் பொருள் உடலின் மற்ற இடங்களையும் அசைக்கும். "இயற்கையானது, பக்கவிளைவு இல்லை" என்ற வாக்கியத்தை எங்கே பார்த்தாலும் இதை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கவிளைவே இல்லாத தாவரப் பொருள் பெரும்பாலும் விளைவும் இல்லாததாகத்தான் இருக்கும்.

அப்படிப் பார்த்தால் நிகோடினும் தாவரப் பொருள்தானே! அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் புகைப்பவர்களிடம் குறைவாகவும், புகைப்பதை விட்டவர்களிடம் அதிகமாகவும் காணப்படுகிறது. 1994-ல் நிகோடின் ஒட்டுப்பட்டையைக்கூடச் சோதித்துப் பார்த்தார்கள், கொஞ்சம் பலனும் தெரிந்தது. நோய் அடங்கிய பிறகு திரும்பாமல் வைத்திருக்க அது உதவவில்லை. க்ரோன்ஸ் நோயில் புகை நோயை மோசமாக்கவே செய்கிறது. இதைச் சொல்வது யாரும் புகைக்கத் தொடங்கவேண்டும் என்பதற்காக அல்ல என்று தனியாக எழுதத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

இப்போது உங்கள் டப்பா.

அதில் மூன்று பொருள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மிளகில் உள்ள பைப்பரின் எதற்குச் சேர்க்கப்படுகிறது என்றால், குர்குமினை ரத்தத்தில் ஏற்ற. 1998-ல் நடந்த ஓர் ஆய்வில் 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது ரத்தத்தில் சேரும் அளவு 20 மடங்கு கூடியது. அதையே பெரிய சாதனையாக விளம்பரம் செய்கிறார்கள். உங்களுக்கு வேண்டியதோ குர்குமின் பெருங்குடலுக்குப் போக வேண்டும் என்பது. ரத்தத்துக்கு அதிகமாக ஏறி கல்லீரல் வழியாகப் போவதால் உங்களுக்கு லாபம் இல்லை, நஷ்டம் இருக்கலாம். மஞ்சள் சாறு மாத்திரைகளால் கல்லீரல் பாதிப்பு வந்தவர்களைப் பற்றி அண்மை ஆண்டுகளில் மருத்துவ இதழ்களில் எழுதப்பட்டிருக்கிறது. அவற்றில் பைப்பரின் கலந்தவையும் உண்டு. எச்எல்ஏ-பி 35:01 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு அந்த அபாயம் கூடுதல். பைப்பரின் வேறு மருந்துகளை உடைக்கும் கல்லீரல் நொதிகளையும் மட்டுப்படுத்தும், அதனால் சில மருந்துகளின் அளவு ரத்தத்தில் எதிர்பாராமல் ஏறும்.

கிரீன் டீ சாறும் அதே வம்புதான். கோப்பையில் குடிக்கும் தேநீர் வேறு, செறிவாக்கிய சாறு வேறு. அதில் உள்ள ஈஜிசிஜி என்ற பொருள் ஒரு நாளைக்கு 800 மில்லிகிராமைத் தாண்டினால் கல்லீரல் நொதிகள் ஏறுவதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் எச்சரித்திருக்கிறது. நீங்கள் எடுக்கும் அசதையோபிரினும் கல்லீரலைப் பாதிக்கக்கூடியது. அதற்காகத்தான் உங்களுக்கு அவ்வப்போது ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். இந்த டப்பாவைத் திறந்து சாப்பிட ஆரம்பித்து, அடுத்த பரிசோதனையில் நொதிகள் ஏறியிருந்தால், குற்றவாளி யார்? உங்கள் மருத்துவருக்கு நீங்கள் சொல்லாவிட்டால் அவர் அசதையோபிரினைத்தான் சந்தேகிப்பார். நல்ல பலன் தரும் மருந்து வீணாக நின்றுபோகும்.

இரும்புச்சத்து மாத்திரையைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். குர்குமினும் தேயிலையின் பாலிஃபீனால்களும் குடலில் இரும்பைப் பிடித்துக்கொள்ளும் குணம் உள்ளவை. ரத்தசோகை உள்ளவர் இரும்பையும் அதைக் கட்டிப்போடும் பொருளையும் சேர்த்து விழுங்குவதில் அர்த்தமில்லை. இதைத் தவிர, ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து எடுப்பவர்கள், பித்தப்பைக் கல் உள்ளவர்கள் செறிவான குர்குமினைத் தொடவே கூடாது. மஞ்சள்தூளையே கரண்டி கரண்டியாகச் சாப்பிடலாம் என்று சிலர் நினைப்பதுண்டு. மஞ்சளில் குர்குமின் ஏறக்குறைய 3 சதவீதம்தான். ஆய்வில் கொடுத்த 2 கிராமுக்கு 60 கிராமுக்கு மேல் தூள் வேண்டும். மஞ்சளில் ஆக்ஸலேட்டும் நிறைய உண்டு, அந்த அளவில் சாப்பிட்டால் சிறுநீரகக் கல்லுக்கு வழி. சமையலில் போடும் அளவைப் பற்றி நான் பேசவில்லை, அது வழக்கம்போல இருக்கட்டும்.

"அப்படியானால் குர்குமின் எனக்கு வேண்டவே வேண்டாமா?" என்று கேட்பீர்கள். கர்ப்பத்துக்கு முயற்சி செய்யும் இந்த நேரத்தில் வேண்டாம் என்பேன், செறிவான சாறுகள் கர்ப்பிணிகளிடம் முறையாகச் சோதிக்கப்படாதவை. வேறொரு கட்டத்தில் ஆசைப்பட்டால் வழி இருக்கிறது. உங்கள் மருத்துவருக்குத் தெரிந்து, பைப்பரின் கலக்காத, ஒரே பொருள் மட்டும் உள்ள தயாரிப்பாக, ஆய்வுகளில் பலன் தெரிந்த 2 முதல் 3 கிராம் அளவில், இருக்கும் மருந்துகளுக்கு மேலாக எடுத்துப் பார்க்கலாம். தொடங்கும் முன்பு கல்லீரல் நொதிகளும் மலத்தில் கால்புரோடெக்டினும் பார்க்க வேண்டும், பிறகு இரண்டு மூன்று மாதத்தில் மறுபடியும். கால்புரோடெக்டின் என்பது குடலுக்குள் வந்து குவியும் வெள்ளணுக்களின் புரதம். ஒரு கிராம் மலத்தில் 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குடல் அமைதியாக இருக்கிறது எனலாம். 250-ஐத் தாண்டினால் அழற்சி நடந்துகொண்டிருக்கிறது என்றே பெரும்பாலும் பொருள், வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும்கூட.

அந்தக் கடைசி வரி முக்கியம். "எனக்கு நன்றாக இருக்கிறது" என்பது இந்த நோயில் போதுமான அளவுகோல் கிடையாது. கஞ்சாவை வைத்து 2013-ல் 21 க்ரோன்ஸ் நோயாளிகளிடம் நடந்த சிறிய ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். புகைத்த 11 பேரில் 10 பேர் நன்றாக இருப்பதாக உணர்ந்தார்கள். வலி குறைந்தது, தூக்கம் வந்தது, பசித்தது. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவு மட்டும் அப்படியே இருந்தது. வலி மறைந்து அழற்சி மறையாமல் இருப்பது, வலியோடு இருப்பதைவிட ஆபத்து, யாரும் கவனிக்க மாட்டார்கள் பாருங்கள். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் தொடங்கி 8 வருடம் ஆனதும் கொலோனோஸ்கோப்பி மூலம் புற்றுநோய்க் கண்காணிப்பு தொடங்கச் சொல்வதும் வருடக்கணக்கில் நீடிக்கும் இந்தச் சத்தமில்லாத அழற்சியை மனதில் வைத்துத்தான்.

டப்பாவை விட்டுவிட்டு, தாவரங்களிலிருந்து உங்களுக்கு உண்மையில் கிடைக்கக்கூடிய நன்மையைக் கேட்டால் நான் நார்ச்சத்தைச் சொல்வேன். யாரும் அதை அழகான டப்பாவில் போட்டு விற்பதில்லை, அதனால் மவுசும் இல்லை. கரையும் நாரைப் பெருங்குடல் பாக்டீரியா நொதிக்கவைத்து பியூட்டிரேட் என்ற கொழுப்பமிலத்தை உண்டாக்குகிறது. குடல் செல்களின் முக்கிய எரிபொருள் அது. எதிர்ப்பு மண்டலத்தை அடக்கிவைக்கும் ஒழுங்குமுறை டி செல்கள் உருவாகவும் அது உதவுகிறது என்று 2013-ல் வந்த எலி ஆய்வுகள் காட்டின. மனிதர்களிலும் ஒரு பழைய ஆய்வு உண்டு. 1999-ல், நோய் அடங்கியிருந்த 105 பேரில் ஒரு பகுதியினருக்கு இசப்கோல் விதையும், இன்னொரு பகுதியினருக்கு மெசலமினும், மூன்றாம் பகுதியினருக்கு இரண்டும் கொடுத்தார்கள். ஒரு வருடத்தில் நோய் திரும்பியவர்கள் முறையே 40, 35, 30 சதவீதம். குழு சிறியது, ஆகவே இதை வைத்து மெசலமினை நிறுத்தலாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நோய் அடங்கியிருக்கும்போது காய், பழம், பருப்பு, முழுத்தானியம் எல்லாவற்றையும் பயந்து ஒதுக்கத் தேவையில்லை என்பதற்கு இது போதும். ரத்தம் போகும் நாட்களில் நாரைக் குறைத்துக்கொள்ளுங்கள். க்ரோன்ஸ் நோயில் குடல் சுருங்கியிருப்பவர்களுக்கு இந்த அறிவுரை பொருந்தாது, அவர்களுக்கு நார் போய் அடைத்துக்கொள்ளும்.

கடைசியாக, உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் விஷயம். கேப்ஸ்யூலைப் பற்றிய கேள்விக்குள் நீங்கள் உண்மையில் கேட்டது இதுதான் என்று நினைக்கிறேன்.

அசதையோபிரின் பெட்டிக்குள் இருக்கும் எச்சரிக்கை, பெரும்பாலும் விலங்குகளுக்கு அதிக அளவில் கொடுத்த சோதனைகளை வைத்து முன்பு எழுதப்பட்டது. அதற்குப் பிறகு அந்த மருந்தோடு கர்ப்பமாகிக் குழந்தை பெற்ற பெண்கள் ஏராளம். அவர்களைத் தொடர்ந்து கவனித்துத்தான், ஏற்கெனவே அசதையோபிரின் எடுத்துக்கொண்டு நோய் அடங்கியிருப்பவர் அதைக் கர்ப்பத்திலும் தொடரலாம் என்று ஐரோப்பிய, அமெரிக்க குடல் மருத்துவ அமைப்புகளின் வழிகாட்டிகள் சொல்கின்றன. கர்ப்ப காலத்தில் புதிதாகத் தொடங்குவதைத்தான் தவிர்க்கச் சொல்கிறார்கள். மெசலமினும் தொடரலாம். கருத்தரிக்கும் முன்பே கட்டாயம் நிறுத்த வேண்டிய மருந்துகளில் ஒன்று மெத்தோட்ரெக்ஸேட், அது உங்கள் பட்டியலில் இல்லை.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் எண் இருக்கிறது. அசதையோபிரினால் நோய் அடங்கியிருந்த அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மருந்தைத் தொடர்ந்தும், மறு பாதிக்குப் போலி மாத்திரைக்கு மாற்றியும் பார்த்த ஆய்வு 1992-ல் வெளிவந்தது. ஒரு வருடத்தில் தொடர்ந்தவர்களில் 36 சதவீதம் பேருக்கும், நிறுத்தியவர்களில் 59 சதவீதம் பேருக்கும் நோய் திரும்பியது. கருத்தரிக்கும் நேரத்தில் குடல் அழற்சி கிளம்பியிருந்தால் கர்ப்பம் முழுக்க அது அடங்காமல் இழுக்கும் வாய்ப்பு அதிகம். கருச்சிதைவு, குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை ஆகிய அபாயங்கள் கூடுவதும் அப்போதுதான். குழந்தைக்கு மாத்திரையால் வரும் ஆபத்தைப் பற்றி நீங்கள் பயப்படுகிறீர்கள். நான் பயப்படுவது மாத்திரையை நிறுத்திய பின் வரும் நோயைப் பற்றி.

எட்டு மாதமாக நோய் அடங்கியிருக்கிறது. முயற்சி தொடங்க இது நல்ல நேரம், ஸ்டீராய்டு இல்லாமல் மூன்று முதல் ஆறு மாதம் அமைதியாக இருந்த பிறகு தொடங்கச் சொல்வதே வழக்கம். உங்கள் மருத்துவரை அடுத்த மாதம் என்று தள்ளாமல் இந்த வாரமே பாருங்கள். டப்பாவையும் கூடவே எடுத்துப் போங்கள், அதன் லேபிளை அவர் படிக்கட்டும். இப்படிப்பட்ட டப்பாவோடு வருபவர்கள் மருத்துவர்களான எங்களுக்குப் புதிதல்ல. மறைத்துச் சாப்பிட்டுவிட்டு மஞ்சள் காமாலையோடு வருபவரைப் பார்த்தால்தான் எங்களுக்குக் கோபம் வரும். உங்கள் மருத்துவரிடம் கால்புரோடெக்டின், ஹீமோகுளோபின், உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், கல்லீரல் நொதிகள், வெள்ளணு எண்ணிக்கை இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள், ஃபோலிக் அமிலம் எப்போது தொடங்கவேண்டும் என்றும் கேளுங்கள். கர்ப்பகாலத்தில் உங்களைக் கவனிக்கப்போகும் மகப்பேறு மருத்துவர் யார் என்று முடிவானதும், இரண்டு மருத்துவர்களும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள ஏற்பாடு செய்துவிடுங்கள். மகப்பேறு மருத்துவமனையில் யாராவது எச்சரிக்கைத் தாளைக் காட்டி அசதையோபிரினை உடனே நிறுத்தச் சொன்னால், நிறுத்தும் முன் உங்கள் குடல் மருத்துவரைத் தொலைபேசியில் அழையுங்கள்.